ஒரு கையெழுத்துக்குப் போனவள்

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தீர்கள்தானே? ஒருத்தி கதவைத் திறந்த கதையைச் சொல்லப் போகிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் ஆடுகோடியில் ஒரு மூன்றாம் மாடி வீடு. ரெமிஜியஸ் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் மனைவி நிரோஜா இலங்கைக்காரி. இருவரும் குவைத்தில் ஒரே வீட்டில் வேலை பார்த்தவர்கள். அங்கே அவன் வெள்ளைச் சட்டை போட்ட கார் டிரைவர். கல்யாணமாகிப் பெங்களூர் வந்த பிறகு, ஒருநாள் காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். அவள் கையிலிருந்த தட்டு விழுந்து உருண்டது.

அவளுடைய ஒன்பதாம் வயதில், ஊரில் சண்டை ஓய்ந்த சமயம், காக்கி உடுப்பில் சிலர் வந்து அவள் அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றார்கள். அண்ணன் இன்னும் வரவில்லை.

தட்டு விழுந்த நாளிலிருந்து ரெமிஜியஸ் சட்டையைக் கழற்றி ஆட்டோ சீட்டுக்கு அடியில் சுருட்டிவிட்டு, பனியனோடுதான் மாடியேறுவான். எதிர்வீட்டுப் பாஞ்சாலி விடுவாளா?

"இன்னா ரெமி, தெனம் உன் சட்டைய எவ பிடுங்கிக்கிறா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

நிரோஜாவின் விசாவை நீட்டிக்க மனுக் கொடுத்திருந்தார்கள். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். இரண்டு முறை வந்தார். மணியடித்ததும் அவள் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். "ஒருத்தரும் வரேல்லையே" என்று புருஷனிடமும் பொய் சொன்னாள். மூன்றாவது முறையும் ஆள் இல்லையென்றால், அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று எழுதிவிடுவேன் என்று போலீஸ்காரர் ரெமிஜியஸிடம் போனில் சொல்லிவிட்டார். எழுதினால் அவள் இந்த நாட்டைவிட்டே கிளம்ப வேண்டியதுதான்.

அன்று காலை ரெமிஜியஸ், "ஸ்கூல் பசங்கள விட்டுட்டு பத்துக்குள்ள வந்துடறேன், அவரும் பத்துக்குதான் வர்றாரு" என்று போனான். ஒன்பதரைக்கே மணி அடித்தது.

கால்கள் தாமாகக் குளியலறைக்கு ஓடின. இருட்டில் இடறியதில் வாளி சாய்ந்து, மேலே மூடியிருந்த துண்டு நழுவியது. உள்ளே காக்கி. முந்தின நாள் மழையில் நனைந்த சட்டையை அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறான். சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

வெளியே பாஞ்சாலியின் குரல். "ஏம்மா, நீ உள்ளதான் கீறேன்னு எனக்குத் தெரியும்! ரெண்டு தபா பாத்துட்டேன். தொறம்மா!"

ஈரச் சட்டையிலிருந்து பெட்ரோல் வாசனை வந்தது. அதோடு அவன் வாசனையும். பையில் அவள் கொடுத்த மாதா பதக்கம் ஊக்கில் குத்தியிருந்தது. இத்தனை நாளும் அவன்தான் அவளுக்குப் பயந்து பயந்து மாடியேறியிருக்கிறான்.

சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

வந்திருந்த போலீஸ்காரர் நரைத்த மீசைக்காரர். சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சொல்ப நீரு கொடியம்மா."

"மூணு மாடிக்கே சாருக்கு நாக்கு தள்ளிப்போச்சு. தண்ணி கேக்கறாரு" என்றாள் பாஞ்சாலி.

குடித்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், எழுதினார். கிளம்பும்போது கன்னடத்தில் ஏதோ சொன்னார். பாஞ்சாலி தமிழில் சொன்னாள்: "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துடலாமாம்."

நிரோஜா கையிலிருந்த சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, அண்ணாவுக்கும் இதைத்தான் சொன்னவை. அவன் திரும்பி வரேல்லை."

பாஞ்சாலிக்கு இது புதுச் செய்தி. நிரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு நான் லீவு. உன் கைய விட்டேன்னா கேளு" என்றாள்.

மறுநாள் ரெமிஜியஸின் ஆட்டோவில் மூவரும் போனார்கள். ஆனால் ஸ்டேஷனில் கையை விடத்தான் வேண்டியிருந்தது. மனுக் கொடுத்தவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். நிரோஜா ரெமிஜியஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வாசலிலிருந்து பாஞ்சாலி கத்தினாள்: "நிரோஜா, இங்கதான் கீறேன்!" சற்றுப் பொறுத்து மறுபடியும், "இங்கதான் கீறேன்டி!" யாரோ அதட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை.

உள்ளே பேனா இரண்டு முறை கைநழுவியது. மூன்றாம் முறை எழுதியது.

வெளியே வந்தவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வந்திட்டன்" என்றாள். இன்னொரு முறை, "நான் வந்திட்டன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அன்று மாலை ரெமிஜியஸ் கீழே சட்டைப் பொத்தானில் கை வைத்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"கழட்டாதேங்கோ. அதோடையே வாங்கோ."

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். மணியடித்தால் இப்போதும் அவள் கை சில்லிடும். சில்லிட்ட கையாலேயே திறக்கிறாள்.

உங்கள் வீட்டுப் படியிறங்கிப் போனவர்கள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வரட்டும், கண்ணுகளா. வந்து, "வந்துட்டேன்" என்று சொல்லும் குரல் உங்கள் வீட்டில் என்றைக்கும் கேட்கட்டும்.