சகலை வராத வண்டி

வெண்டெலுக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி வேண்டியிருந்தது. வருஷத்துக்கு இரண்டே தடவைதான் அதற்கு வேலை. மே மாதம் படகை ஏரியில் இறக்க வேண்டும், அக்டோபரில் கரையேற்ற வேண்டும். படகும் ஒன்றும் கப்பல் இல்லை. பதினாறடி அலுமினியச் சமாசாரம். ஆனால் அவருடைய சின்னக் காரில் கட்டினால் படகோடு சேர்ந்து காரும் ஏரிக்குள் இறங்கிவிடும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான்.

அதனால் இத்தனை வருஷமும் படகை இழுத்து வந்தவர் சகலை ராய்ஸ். வெண்டெலின் மனைவி மார்லிஸின் அக்கா புருஷன். டெக்சாஸிலிருந்து வந்து கால் நூற்றாண்டு ஆகியும், மினசோட்டாவில் தான் இருப்பது தற்காலிக ஏற்பாடு என்ற முகத்தோடு திரிபவர். அவருடைய வண்டியில் ஏறுவதற்கே படி உண்டு. முன்பக்கம் முழுக்கப் பளபளவென்று கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கும். அதில் வெண்டெலின் படகைக் கட்டி இழுத்துப் போவதைப் பார்த்தால், தபால்பெட்டியைத் தூக்க யானையை வரவழைத்தது போலத் தோன்றும்.

இழுப்பதற்கு ராய்ஸ் கூலி கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக, ஏரியில் மீன்பிடிக்க அனுமதி தொடங்கும் திறப்பு நாளிலிருந்து கோடை முடியும்வரை படகின் ஸ்டியரிங் அவர் கையில். சொந்தப் படகின் முன்மூலையில் குந்திக்கொண்டு, ராய்ஸ் பிடிக்கும் மீன்களின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றிக் கொடுப்பது வெண்டெலின் வேலை. ஊரே மரியாதை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர் வெண்டெல். இந்த வருஷத் திறப்பு நாளில் தன் படகைத் தானே இறக்கி, தன்னந்தனியாக ஏரி நடுவில் போய் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

ஆர்டிஸம்மா தன் காலஞ்சென்ற கணவரின் வண்டியை விற்கப்போவதாகத் தேவாலயப் பலகையில் சீட்டு ஒட்டியிருந்தாள். வெண்டெல் அதை மார்லிஸிடம் மட்டும் சொன்னார். மார்லிஸ் தன் அக்காவிடம் மட்டும் சொன்னாள். சனிக்கிழமை காலை வாசலில் ஹாரன் அடித்தது.

"ஏறு சகலை. உன்னைத் தனியா விட்டா எவனாவது உன் தலையில மொளகா அரைச்சிடுவான்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"எனக்கென்ன சிரமம்? ஏறு."

ஏறினார். சீட்டுக்கு அடியில் சூடேற்றும் கம்பி கனன்றுகொண்டிருந்தது. ஏரியில் பனி உருகி ஒரு வாரம்கூட ஆகாத குளிர்தான். ஆனாலும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அணைக்கும் பொத்தான் எது என்று கேட்கலாம். கேட்டால், கொடுத்த சுகத்தைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று பேசாமல் வெந்தார்.

"சகலை, படகு இழுக்கணும்னா டீசல் வேணும். பின்னாடி இரட்டைச் சக்கரம் வேணும். பன்னெண்டாயிரம் பவுண்டு இழுக்கணும்."

"படகும் டிரெய்லரும் சேர்ந்தே ஆயிரத்து ஐந்நூறுதானே."

"இழுக்கிறதைக் கெத்தா இழுக்கணும்யா."

டீசல் தீரப்போவதற்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. சென்சார் கோளாறு என்றார் ராய்ஸ். அந்தக் கோளாறோடு மூன்று மைல் போனதும் வண்டி தானாகவே பெட்ரோல் பங்கில் நுழைந்தது. பர்ஸ் வேறு கோட்டில் இருக்கிறது என்றார். வெண்டெல் இறங்கி இருபது டாலருக்கு டீசல் போட்டுப் பணம் கட்டினார்.

ஆர்டிஸம்மாவின் வண்டி மண் நிறம். அலங்காரம் ஒன்றும் கிடையாது. குளிர்காலம் முழுக்கப் பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டும் ஊரில் பத்து வருஷ வண்டியின் அடிச்சட்டம் துருவேறி அப்பளமாகத்தான் இருக்கும். வெண்டெல் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுத்துத் தட்டிப் பார்த்தார். மணி மாதிரி கணீரென்றது. படகுக் கொக்கி, டிரெய்லர் விளக்குக்கு ஒயர், எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஆர்டிஸம்மாவின் கணவரும் இதே அளவுப் படகைத்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை இழுத்தாராம். வெண்டெல் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, கொக்கியை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"பொம்மை வண்டி," என்று ராய்ஸ் டயரை ஒரு உதை விட்டார்.

சமையலறையில் காப்பியும் எலுமிச்சை இனிப்புத் துண்டுகளும் வந்தன.

"ஏழாயிரம்னு எழுதி ஒட்டினேன்," என்றாள் ஆர்டிஸம்மா. "ஆனா படகு இழுக்கிறவங்க கைக்குப் போனா எனக்கு நிம்மதி. நீங்க ஐயாயிரம் டாலர் குடுங்க தம்பி, போதும்."

"ஐயோ, அது ரொம்பக் கொறைச்சல். வேணாம்மா."

ஆர்டிஸம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். அந்த ஊரில் எதை நீட்டினாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை மனசில்லாத மாதிரி வாங்கிக்கொள்வதுதான் வளர்ப்பு. முதல் தடவையே கை நீட்டுகிறவன் திருடனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அதனால் பனி உருகியதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். தட்டில் கடைசித் துண்டு மிஞ்சியது. வெண்டெல் அதில் பாதியை வெட்டி எடுத்தார். ஆர்டிஸம்மா மீதியில் பாதியை வெட்டி எடுத்தாள்.

"எடுத்துக்கங்க தம்பி. வாசல்ல சும்மாதானே நிக்குது."

"இல்லம்மா, மனசு கேக்கலை."

இரண்டு முடிந்தது. ஆர்டிஸம்மா பால் எடுக்க எழுந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மூன்றாவது தடவை கேட்பாள். "நீங்க இவ்வளவு சொல்றதால" என்ற வாக்கியம் வெண்டெலின் தொண்டையில் தயாராக நின்றது.

அவள் பாலோடு திரும்பி வந்து வாய் திறப்பதற்குள், ராய்ஸ் மிஞ்சிய துண்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். "அவனுக்கு வேணாமாம்மா. ரெண்டு தடவை கேட்டாச்சு. நான் எடுத்துக்கிறேன், ஐயாயிரம்."

கையையும் நீட்டிவிட்டார். பழக்கதோஷத்தில் அவளும் அதைப் பிடித்துவிட்டாள். வேறு கோட்டில் இருந்த பர்ஸ் இந்தக் கோட்டிலிருந்தே வெளியே வந்து, கையெழுத்துப் போட்டுத் தயாராக வைத்திருந்த செக்கைக் கக்கியது. ஆர்டிஸம்மா வெண்டெலைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன் என்றது அந்தப் பார்வை.

"இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்றார் வெண்டெல். அந்த வட்டாரத்தில் அதைவிடக் கடுமையான கெட்ட வார்த்தை கிடையாது. ராய்ஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வாசலில் ராய்ஸ் குரலைத் தணித்தார். "உனக்கு மட்டும் சொல்றேன். பெரிய வண்டியை பேங்க்காரன் செவ்வாக்கிழமை எடுத்துட்டுப் போறான். தவணை கட்டி மாளலை. இது வீட்டுக்காரி சேர்த்து வச்ச காசு." அந்தப் பளபளப்புக்கு முன்னால் நின்றபோது மனிதர் ஒரு சுற்றுச் சிறுத்திருந்தார். பிறகு அவருக்கே என்ன தோன்றியதோ, சாவியை நீட்டினார். "உனக்கு ஆசை இருந்தா சொல்லு சகலை. அதே விலைக்கு நீயே எடுத்துக்கோ. நான் வேற பாத்துக்கிறேன்."

வெண்டெலுக்கு ஏரி தெரிந்தது. நடுவில் படகு தெரிந்தது. படகில் ஒரே ஆள். வாய் திறந்தது.

"ஐயோ, வேணாம் ராய்ஸ். நீங்களே வச்சுக்கங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இன்னும் இரண்டு தடவை பாக்கி.

"சரி," என்று ராய்ஸ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "இதுல முன்னாடி ஒரே நீளச் சீட்டு, கவனிச்சியா? திறப்பு நாளைக்கு என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரேன். நீ நடுவுல உக்காந்துக்கோ. இப்ப என் பெரிய வண்டியை நீ ஓட்டிட்டு வா."

மண் நிற வண்டி சாலையில் ஏறி, கொக்கி வெயிலில் மின்ன, முன்னால் போய்க்கொண்டிருந்தது. வெண்டெல் பெரிய வண்டியில் படியேறி உட்கார்ந்து பின்தொடர்ந்தார். சீட்டு கனன்றது. ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். கண்ணாடித் துடைப்பான் ஆடியது, ரேடியோ பாடியது, பக்கத்துச் சீட்டும் சூடேறத் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. அடுத்த பங்கில் கட்டுவதற்காக அவர் தன் பர்ஸை எடுத்து வைத்துக்கொண்டார்.