மோர் கேட்ட கொலைகாரன்

பக்கத்து வீட்டுக்குக் கொலைகாரன் குடிவந்திருக்கிறான் என்று எங்கள் மவுண்ட் ரோஸ்கில் புறநகர் முழுவதற்கும் சொன்னவள் என் மனைவி இராசமலர். டென்மார்க் துப்பறியும் தொடர்களில் ஒன்றையும் விடாமல் பார்ப்பவள். குடிவந்தவன் அவற்றில் நடிக்கும் பிரெபென்; அவள் கணக்கில் இதுவரை நாற்பத்தேழு பேரைக் கொன்றிருக்கிறான். என் கணக்கில் நானூறு. இப்போது நியூசிலாந்தில், எங்கள் ஆக்லாந்தில் எடுக்கும் ஒரு தொடரிலும் கொல்லத்தான் வந்திருந்தான்.

"நடிகனப்பா. அது வேலை" என்றேன்.

"முப்பது வருசமா ஒரே வேலை செய்தா, கை பழகாதோ?"

ஓய்வுபெற்ற பிறகு வேலிதான் என் அலுவலகம். சனிக்கிழமை பின்னேரம் அங்கே கடமையில் நின்றபோது அவன் வீட்டுக்குள்ளிருந்து ஓர் அலறல்: "மோர்! மோர்!"

மவுண்ட் ஆல்பர்ட் ரயிலே ஒரு கணம் நின்றிருக்கும். இராசமலர் ஓடிவந்தாள்.

"கேட்டியளோ? மோர் கேக்குது!"

"ஓம். டென்மார்க்காரனுக்கு மோர் எப்பிடித் தெரியும்?"

"அவன் கேக்கேல்லை. எங்கட ஆளொண்டைப் பிடிச்சு அடைச்சு வைச்சிருக்கிறான். பாவம், தண்ணி விடாயில கத்துது!"

ஐந்து நிமிடத்தில் வெங்காயம், பச்சைமிளகாய் போட்ட மோர்ச் செம்போடு அவளும், மண்வெட்டியோடு நானும் அவன் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தவனின் கண்கள் சிவந்திருந்தன. உள்ளே கட்டிலில் வெள்ளைத் துணி மூடிய ஓர் உருவம்.

"ஐயோ, ஆளை முடிச்சுப்போட்டான்!" என்றாள் இராசமலர்.

நான் மண்வெட்டியால் துணியை நீக்கினேன். இரண்டு தலையணைகள். எதிரே தாங்கியில் கைபேசி.

பிரெபென் ஆங்கிலத்தில் மன்றாடினான். அவன் மொழியில் மோர் என்றால் அம்மாவாம். சாகக் கிடக்கும் தாயின் அருகில் அழும் மீனவன் வேடம். வாழ்க்கையில் முதன்முறையாகக் கத்தி இல்லாத வேடம். தேர்வுக்காக நடித்துக் காட்டும் வீடியோ ஐந்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும். ஒன்பது தரம் எடுத்துவிட்டான்.

"அழுகிறேன். ஆனால் பார்த்தால், நானே கொன்றுவிட்டு அழுவது போலிருக்கிறது. இதுவும் போனால் சாகும்வரை கொலைகாரன்தான்."

மணி நாலரை. இராசமலர் செம்பை என்னிடம் தந்துவிட்டுத் தலையணைகளைத் தள்ளினாள்.

"நான் படுக்கிறன். கதவு திறந்து கிடக்கட்டும். நீங்கள் மண்வெட்டியோட இஞ்ச நில்லுங்கோ."

உலகத்தில் எந்தத் தாயும் அப்படிச் செத்திருக்கமாட்டாள். ஒரு கண்ணை மூடினாள். மறு கண் அவன் கைகளை விட்டு அசையவில்லை. அவன் "மோர்..." என்று தொடங்கினான். அந்தப் பார்வையைக் கண்டதும் வசனம் மறந்துபோயிற்று. வெறுங்கைகள் இரண்டையும் விரித்து அவளுக்குக் காட்டினான். பிறகு முழங்காலில் விழுந்து குழந்தைபோல அழுதான். நான் அழுத அழுகையில் ஆக்லாந்துத் துறைமுகம் இரண்டு அடி உயர்ந்தது.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்க வீடியோ போயிற்று.

புதன்கிழமை பிரெபென் வேலியருகே துள்ளிக்கொண்டு வந்தான். வேடம் கிடைத்துவிட்டது! தன்னை நம்பாத தாயிடம் மகன் கெஞ்சுவது கதையிலேயே இல்லையாம். இனி எழுதிச் சேர்க்கப்போகிறார்களாம்.

இராசமலர் அவன் கையைக் குலுக்கி வாழ்த்தினாள். பிறகு கேட்டாள், தாய் கடைசியில் எப்படிச் சாகிறாள் என்று.

"நோயில்தான்" என்றான் அவன் சிரித்தபடி.

அவள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்கள்."