யாகப்புவின் முறை

தாழ்வுபாட்டு யாகப்பு கொரோனாவில் இறந்து, அவருடைய உடலை எங்கோ வெளியூரில் எரித்து முடித்த பிறகும், தடுப்பூசி வரிசையில் அவர் விட்டுச்சென்ற செருப்புகளில் கால்சூடு ஆறவில்லை. அவை நீல நிற றப்பர் செருப்புகள். வலது காலின் வார் அறுந்து தூண்டில் தங்கூசி நரம்பால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கோயில் மண்டபத்துக்கு வெளியே, வரிசையின் முதல் ஆள் நிற்கவேண்டிய சுண்ணாம்புக் கோட்டின்மேல், அவை கதவைப் பார்த்தபடி நின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள், சனங்களின் நெற்றிக்குப் பிடிக்கும் துவக்கு மாதிரியான வெப்பமானியை அவற்றுக்கும் பிடித்துப் பார்த்தார். முப்பத்தாறு தசம் எட்டு காட்டியது. காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து இருபத்தோராம் ஆண்டு, சோளகக் காற்று தெருவெல்லாம் மணலை இறைத்துக்கொண்டிருந்த மாதத்தில், ஊருக்கு முதல்முறையாகத் தடுப்பூசி வந்தது. அதற்கு முந்திய வாரங்களில் வந்ததெல்லாம் அறிவித்தல் மட்டுமே. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள், சனம் கூடும், மருந்து தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். இந்தமுறை மெய்யாகவே வந்தது, ஆனால் கொஞ்சமாக வந்தது. யாகப்பு விடியவே போய் நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற றோஸ்மேரிக்குத் தொய்வு, வெயிலில் மூச்சு இழுத்தது. "நீ முன்னுக்குப் போ பிள்ளை, எனக்கு இப்ப என்ன அவசரம்" என்று யாகப்பு விலகி வழிவிட்டார். றோஸ்மேரிக்கு ஏற்றிய ஊசியோடு மருந்து முடிந்துபோனது. நாளைக்கு வருமென்று தாதி ஜெனுஷா சொன்னாள். அவளுக்கு மேலிடம் சொன்னதும் அதுதான். யாகப்பு செருப்பைக் கழற்றிக் கோட்டின்மேல் வைத்துவிட்டுச் சுடுமணலில் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார். பின்னால் நின்றவர்களும் தங்கள் தங்கள் இடத்தில் செருப்பை வைத்துவிட்டுப் போனார்கள்.

செருப்பை வைத்துவிட்டுப் போவது அந்தக் கரையின் வழக்கம். கரைவலை வளைப்பதற்கு ஆளுக்கொரு முறை உண்டு. முறைகாரன் ஆசுபத்திரியிலோ கோட்டு வழக்கிலோ அகப்பட்டுக்கொண்டால் அவனுடைய செருப்பு கரையில் நிற்கும். அவனாக வந்து எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அவன் வீட்டார் வந்து, "முறை விட்டாச்சு" என்று வாய்திறந்து சொல்லி எடுக்கவேண்டும். அதுவரை அவனைக் கடந்து எவரும் வலை ஏற்றமாட்டார்கள். விடச்சொல்லி வீட்டாரைக் கேட்பதைப்போல அசிங்கமான காரியம் அந்த ஊரில் வேறில்லை. சண்டைக் காலத்தில் பிடித்துக்கொண்டு போன ஒருவனுக்காகப் பருவம் முழுவதும் வலை இறங்காமல் ஊரே கஞ்சி குடித்தது. அவன் மனைவி கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கடல் ஒருநாள் ஏறிவந்து செருப்பை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் வலை இறங்கியது. யாரும் அவளைக் குறை சொன்னதில்லை.

நாளைக்கு வருமென்ற மருந்து அடுத்த கிழமையும் வரவில்லை. அதற்குள் யாகப்புவுக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளைப் பிளாஸ்ரிக் உடுப்புப் போட்டவர்கள் அம்புலன்சில் வந்து, அவருடைய மனைவி புஸ்பத்தை எட்டி நிற்கச் சொன்னார்கள். யாகப்பு வாசலில் செருப்பைத் தேடினார். அது வரிசையில் நிற்பது நினைவுக்கு வந்ததும் தனக்குள் சிரித்துக்கொண்டு, "காயிற மீனைப் பிரட்டிப் போடு, பிந்தினாப் பழுதாப்போம்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். அதுதான் அவள் கேட்ட கடைசிச் சொல். படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். சாவுச் செய்தி அறிமுகமில்லாத ஒரு குரலில், தொலைபேசியில் வந்தது. முகம் காட்டவில்லை, சாம்பலும் வரவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவருக்கு ஒரு தடிமன் தும்மல் என்றாலும் பக்கத்தில் இருந்தவள் புஸ்பம். அந்தக் கடைசிக் காய்ச்சலில் நெற்றியில் ஓர் ஈரத்துணி போடவும் ஒரு வாய் மல்லித்தண்ணி பருக்கவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் ஏங்கியது அதற்குத்தான். அழும்போதும் அவள் சாவைச் சொல்லி அழவில்லை. ஈரத்துணியைச் சொல்லித்தான் அழுதாள்.

தனிமைப்படுத்தல் முடிந்து படலையைத் திறந்துவிட்ட அன்றைக்கே அவள் செருப்பை எடுக்கப் போனாள். குனிந்து தொட்டபோது சூடு இருந்தது. வெயில் சூடென்று நினைத்து, நிழல் விழும்வரை பக்கத்தில் குந்தியிருந்துவிட்டு மறுபடி கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். அது மனிதச் சூடு. அவள் செருப்பை எடுக்காமல் வீட்டுக்கு வந்தாள். அதன்பிறகு பொழுதுபடும் நேரங்களில் போய், செருப்புக்குள் கையை வைத்தபடி இருந்துவிட்டு வருவாள். மத்தியானங்களில் வலது செருப்பு சற்றே முன்னுக்கும் இடது செருப்பு சற்றே பின்னுக்கும் போயிருக்கும். நெடுநேரம் நிற்கிறவர் கால் மாற்றி நிற்பது வழக்கம்தானே என்று ஊர் எடுத்துக்கொண்டது. தெருக்கழுதைகளும் அந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டு போகப் பழகின.

பிறகு ஒருநாள் குளிர்பெட்டிகள் நிறைய மருந்து வந்து இறங்கியது. சனம் வந்து, தங்கள் செருப்புகளுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு பழைய ஒழுங்கில் நின்றது. ஜெனுஷா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எவரும் அசையவில்லை. கோட்டுக்கு அடுத்ததாக நின்றவர் றோஸ்மேரியின் கணவர் லோறன்ஸ், மீனவர் சங்கத் தலைவர்.

"ஐயா, நீங்கள்தானே அடுத்த ஆள். வாங்கோ."

"நான் இல்லை மிஸ். எனக்கு முன்னாலை யாகப்பு நிக்கிறார்."

"அவர் செத்துப்போனாரெல்லோ?"

"ஓம். ஆனா முறை விடேல்லை."

மருந்து வந்த வழியே திரும்பிப் போனது. மேலிடத்திலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து, செருப்புகளைப் பொலித்தீன் பையில் போட்டுத் தீவுக்கு அப்பால் கொண்டுபோனார். மறுநாள் அவை கோட்டின்மேல் நின்றன. அடியில் பாலத்துத் தார் ஒட்டியிருந்தது. அதற்குப்பிறகு அவற்றை எவரும் தொடவில்லை. மருந்து வருவதும் திரும்பிப்போவதுமாக இருந்தது. பக்கத்து ஊர்களில் இரண்டாம் ஊசியும் ஏற்றி முடித்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் அரசாங்கத்தைக் கேள்வியால் துளைத்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கு ஏன் பிந்தி எழுதினீர்கள், முதலில் வந்ததை ஆர் ஆருக்கு ஏற்றினீர்கள், கடலோரங்களுக்கு ஏன் கடைசியில் அனுப்பினீர்கள் என்று கேட்டார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் சுபத்திரா, திரும்பிப்போன பெட்டிகளைப்பற்றி வாய்மூல விடைக்கான வினா ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கரையில் தகுதியான அனைவருக்கும் இரண்டு ஊசியும் ஏற்றியாயிற்று என்று அமைச்சர் எழுந்து வாசித்தார். யாகப்பு என்பவருக்குமா என்று சுபத்திரா மேலதிக வினாவாகக் கேட்டார். அமைச்சர் பின்வரிசை அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள். ஓம், யாகப்பு என்பவருக்கும் ஏற்றப்பட்டது, அவர் நலமாக இருக்கிறார் என்று அமைச்சர் சபைக்கு அறிவித்தார். அந்தப் பதில் றேடியோவில் வந்தபோது புஸ்பம் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, சுபத்திராவின் மன்னார்க் கட்சிக் கந்தோருக்குப் போனாள்.

"எங்கை வைச்சு ஏத்தினவையெண்டு கேட்டுச் சொல்லுங்கோ மேடம். ஏத்தினாப் பிறகு காய்ச்சல் காய்ஞ்சதாமோ? பக்கத்திலை ஆர் இருந்தது?"

அது பொய்ப்பதில் என்று விளங்கப்படுத்தச் சுபத்திரா வாயெடுத்தார். புஸ்பத்தின் முகத்தைப் பார்த்ததும் அவரால் முடியவில்லை. அடுத்த அமர்வில் அந்த மூன்று கேள்விகளையும் சொல் மாறாமல் கேட்டார். யாகப்புவுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்தது ஆர் என்ற கேள்வியைக் கேட்டதும் சபையில் சிலர் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அமைச்சர் கால அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள். அடுத்த தடவையும் கேட்டார், கொடுத்தார்கள். அவகாசத்துக்கு மட்டும் நாட்டில் தட்டுப்பாடு வரவில்லை. சுபத்திரா ஊருக்கு வந்து செருப்புகளைப் பார்த்தார். மற்றவர்களைப்போல அவரும் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். போகும்போது புஸ்பத்திடம், "எடுத்துப்போடாதேங்கோ அக்கா. இது இஞ்சை நிக்கிறவரைக்கும்தான் அரசாங்கத்தாலை என்னட்டையிருந்து தப்பேலாது" என்று சொன்னார். அவர் நல்ல மனுசி. அதைப் புஸ்பமும் ஒத்துக்கொள்வாள்.

ஆனால் காய்ச்சல் கேள்விநேரம் பார்த்து வருவதில்லை. லோறன்ஸை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மூச்சு எடுக்கமுடியவில்லை. அடுத்த நாள் பகல் றோஸ்மேரி புஸ்பத்தின் வேலியோரம் வந்து நின்றாள். முறை விடச்சொல்லிக் கேட்கக்கூடாது. அதிலும் யாகப்பு விட்டுக்கொடுத்த ஊசியைத் தன் கையில் ஏற்றியவள் எந்த வாயால் கேட்பாள். காத்து விழுந்துபோச்சு என்றாள். கீரிமீன் வலையிலை படுகுதாம் என்றாள். உங்கடை கருவாடு நல்லாக் காய்ஞ்சிருக்கு அக்கா என்றாள். பிறகு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புஸ்பமும் நின்றாள். கேட்டிருந்தால் ஏசிக் கலைத்திருக்கலாம், கேட்காமல் நிற்கிறவளை என்ன செய்வது. "வெயிலிலை நிக்காதை, உனக்கு இழுக்கும். வீட்டை போ" என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்தமுறை மருந்து வந்தபோது புஸ்பம் வந்து கோட்டின் அருகே நின்றாள். அந்தச் சொல்லைச் சொல்லப்போகிறாள் என்று வரிசை தலையைக் குனிந்துகொண்டது. அவள் சொல்லவில்லை. தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யாகப்புவின் செருப்புகளுக்குள் கால்களை நுழைத்தாள். கணவனின் முறைக்கு மனைவி வலை ஏற்றியதாக அந்தக் கரையில் எவரும் கேள்விப்பட்டதில்லை. கூடாது என்றும் எவரும் சொல்லிவைக்கவில்லை. செருப்பு அவளுக்குப் பெரிது. உள்ளே அவருடைய சூடு இருந்தது. குதிக்காலில் அவருடைய நோவு இருந்தது. அவர் இத்தனை காலமும் நின்றபடி என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதும் கால் வழியே அவளுக்குத் தெரிந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஊசியை ஏற்றிக்கொண்டு வீட்டை போகவேணும், புஸ்பம் தேடுவாள் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் அந்த இடத்திலேயே விம்மி அழுதாள். வரிசை பொறுத்திருந்தது. பிறகு உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள்.

"பெயர்?" என்று ஜெனுஷா கேட்டாள்.

"யாகப்பு."

ஜெனுஷா அப்படியே எழுதிக்கொண்டாள். "எந்தக் கை?"

"அவருக்கு இடது கைதான் வாகு. வலதிலை போடுங்கோ பிள்ளை."

ஊசி அவளுக்கு நோகவில்லை. எழுந்து, செருப்புகளைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு போய் வரிசையின் கடைசியில் தன் முறைக்கு நின்றாள். பொழுதுசாய்வதற்குள் ஊர் முழுவதற்கும் ஏற்றி முடிந்தது. அவளுக்கும் ஏற்றினார்கள், இடது கையில்.

அடுத்த நாள் ஊரில் பாதிப்பேருக்கு ஊசிக் காய்ச்சல். புஸ்பத்துக்கு ஒன்றுமில்லை. செருப்புகளுக்குத்தான் காய்ச்சல் காய்ந்தது. கட்டிலில் அவருடைய பக்கத்தில், அவருடைய போர்வையின்மேல் அவற்றை வைத்திருந்தாள். பரிசோதகர் வீட்டுக்கு வீடு பார்த்துக்கொண்டு வந்தவர், அவற்றுக்கும் வெப்பமானியைப் பிடித்தார். முப்பத்தொன்பது காட்டியது. இரண்டு பனடோல் வைத்துவிட்டு, தண்ணீர் கொடுங்கோ என்று சொல்லிப் போனார். றோஸ்மேரி செம்பு நிறைய மல்லித்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மற்ற வீடுகளில் கேட்பதைப்போலவே எப்படியிருக்கு என்று கேட்டாள். புஸ்பம் ஈரத்துணியைப் பிழிந்து போட்டாள், காய்ந்ததும் எடுத்து மறுபடி நனைத்துப் போட்டாள். ஒரு வாய் மல்லித்தண்ணியை விரலால் தொட்டு வாரில் தடவினாள். மீனெல்லாம் பிரட்டிப் போட்டாச்சு, ஒண்டும் பழுதாப்போகேல்லை என்று சொன்னாள்.

மத்தியானம் கொழும்பிலிருந்து சுபத்திரா தொலைபேசி எடுத்தார். விசயம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அமைச்சர் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது, இனி எதை வைத்துக் கேட்பது என்று கேட்டார்.

"நீங்கள் கேளுங்கோ மேடம், விடாதேங்கோ. அவையின்ரை பதில் அவையோடை. நான் இவரை இன்னும் எவ்வளவு காலம் வெயிலிலை நிக்க விடுறது?" என்றாள் புஸ்பம். பிறகு, "வைக்கிறன் மேடம், குறை நினையாதேங்கோ. இவருக்குச் சரியான காய்ச்சல், துணி மாத்தவேணும்" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பொழுது இறங்கச் சூடும் இறங்கியது. அவள் கையை உள்ளே விட்டபடி பக்கத்தில் இருந்தாள், கை எடுக்கவில்லை. சூடு முழுவதும் ஆறும்வரை அப்படியே இருந்தாள். மறுநாள் சுவாமி வந்து செபிக்க, செருப்புகளைச் சேமக்காலைக் கல்லறைகளுக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள். சில வாரங்களில் லோறன்ஸ் தப்பி வந்து, அந்த மண்மேட்டுக்கு முன்னால் தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். போகும்போது மறக்காமல் போட்டுக்கொண்டு போனார்.