ஜெயபாண்டிக்கு எடுத்த ஆரத்தி

டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதற்கு நேர் முன்னால் ஆரத்தித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள் செல்லக்கனி. தட்டில் செக்கச் சிவந்த தண்ணீர். நடுவில் ஒரு வெற்றிலை, அதன்மேல் சின்ன அகல், அகலில் நெய்யில் ஊறிய தடித்த திரி. காற்றில் சுடர் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. அணையவில்லை.

"பாத்தியா? கற்பூரம்னாத்தான் அணையும். இது அணையாது" என்றாள் மகளிடம்.

ரோஜா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். "ஏம்மா, ஆரத்தி எடுக்கப்போறியா, ராக்கெட் விடப்போறியா? கம்பெனியில கூட இம்புட்டு டெஸ்ட் பண்ண மாட்டாங்க."

"வாயக் கழுவு. நாளைக்கு அவரு வாராரு."

அவர் என்றால் ஜெயபாண்டி. இரண்டு தடவை ஜெயித்து எம்.எல்.ஏ.வாக இருந்தவர். போன தடவை தோற்றுப்போய், இந்தத் தடவை மறுபடியும் நிற்கிறார். மூன்று தேர்தலுக்கும் அவருக்கு இந்த ஊரில் ஆரத்தி எடுத்தவள் செல்லக்கனிதான்.

முதல் தேர்தல் வந்தபோது ரோஜா ஒண்ணாப்பு படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின தீபாவளி சீசனில்தான் அவள் அப்பா முத்துக்கருப்பன் பட்டாசுக் கம்பெனியின் மருந்துக் கலவை ரூமில் கருகிச் செத்தான். துணியால் சுற்றிக் கொடுத்ததை வீட்டுக்குக்கூடக் கொண்டுவராமல் நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். அன்றிலிருந்து செல்லக்கனி தெருவில் நடப்பதற்கே கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறார்களா என்று கதவிடுக்கில் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். தப்பித்தவறி எதிரே வந்துவிட்டால், போகிறவர்கள் வீட்டுக்குள் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். புருசனைக் கொன்றது கம்பெனி. தரித்திரம் பிடித்தவள் என்று பெயர் வாங்கியது பெண்டாட்டி.

அந்தத் தேர்தலில் ஜெயபாண்டி புதுமுகம். ஆமத்தூர் பக்கத்து ஊர்களில் அவரை யாருக்கும் தெரியாது. காலையில் எதிர்க்கட்சி வேன் வந்தபோது ஊரில் இருந்த தட்டெல்லாம் அங்கே போய்விட்டது. மத்தியான வெயிலில் தொண்டை கட்டிப்போய் இவர் வந்து இறங்கியபோது ஒரு பொம்பளை தட்டோடு நிற்கவில்லை. டீக்கடையில் இருந்த ஒருத்தன் கத்தினான்: "செல்லக்கனி சும்மாதான் நிக்கா! அவள எடுக்கச் சொல்லுங்க!"

தெருவே சிரித்தது. ஜெயபாண்டி திரும்பிப் பார்த்தார். வெறும் நெற்றியோடு, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மைக்கை வாய்க்குக் கொண்டுபோய்க் கேட்டார்:

"புருசன் செத்துட்டா பொம்பள கையும் செத்துருமா? அக்கா, நீங்க எடுங்க. உங்க கையாலதான் எனக்கு வேணும்."

சிரிப்பு நின்றது. பக்கத்து வீட்டு ராக்காயி ஓடிப்போய் மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டுவந்தாள். சோறு தின்கிற தட்டில்தான் கரைத்தார்கள். செல்லக்கனி சுற்றி முடித்து அவர் நெற்றியில் பொட்டு வைத்தபோது அது கோணலாக விழுந்தது. வழக்கம்போல அவர் தட்டில் ஒரு நோட்டுப் போட்டார். "இது வேணாம் தம்பி, நான் அதுக்கு எடுக்கல" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அதையும் அவர் மைக்கில் சொன்னார்.

ஜெயித்தார்.

இரண்டாம் தேர்தலுக்கு இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றிக் குங்குமம் காயாமல் நேரே செல்லக்கனி வாசலுக்குத்தான் வந்தார். போஸ்டரில் அவள் படம் இருந்தது. முன்னைவிடக் கூடுதலான ஓட்டில் ஜெயித்தார். அதற்கப்புறம் ஊரில் காதுகுத்தா, சடங்கா, வளைகாப்பா, எல்லாவற்றுக்கும் செல்லக்கனியைக் கூப்பிட்டார்கள். 'எம்.எல்.ஏ.வுக்கே ராசியான கை' என்றார்கள். பட்டாசுக் கம்பெனி வேலையில் அலுமினியப் பொடி ஏறி வெள்ளி பூசினதுபோல மின்னும் அந்தக் கையை, விசேஷத்துக்குப் போகும்முன் தேங்காயெண்ணெய் போட்டு அரைமணி நேரம் தேய்ப்பாள். பொடி முழுசாகப் போகாது. அந்தக் கையோடு சபையில் நடுநாயகமாய் உட்கார்ந்து, அடுத்தவீட்டுப் பெண்ணுக்கு வளையல் போடும் அம்மாவை ரோஜா பார்த்திருக்கிறாள். அந்த முகத்துக்காகத்தான் அவள் ஜெயபாண்டியை ரொம்ப நாள் திட்டாமல் இருந்தாள்.

மூன்றாம் தேர்தலில் தட்டைத் தூக்கும்போது காற்று அடித்தது. கற்பூரம் அணைந்தது. ஜெயபாண்டி சொற்ப ஓட்டில் தோற்றார்.

ஏன் தோற்றார் என்று எட்டாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பத்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்தும் வாரத்துக்கு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். கோர்ட்டுத் தடை என்று கம்பெனியெல்லாம் மாசக்கணக்கில் அடைத்துக் கிடந்தபோது, ஜனம் கஞ்சிக்கு அலைந்தது. இவர் மெட்ராஸில் இருந்தார். முத்துக்கருப்பன் செத்த அதே கம்பெனிக்காரன் வேறு பெயரில் புதுக் கம்பெனி திறந்தபோது ரிப்பன் வெட்ட மட்டும் வந்தார். இவ்வளவையும் விட்டுவிட்டு ஊர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது: தாலியறுத்தவள் கை.

அதிலிருந்து யாரும் செல்லக்கனியைக் கூப்பிடவில்லை. அதே ராக்காயி, தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பத்திரிகையை ரோஜா கையில் கொடுத்து, "நீ வந்துரு பாப்பா" என்றாள். அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

செல்லக்கனி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அஞ்சு வருஷமும் ஒரே பேச்சுத்தான். "அவரு ஒருக்க நம்ம வாசலுக்கு வந்துட்டாருன்னா எல்லாம் சரியாயிரும்."

வெளியே பைக் சத்தம் கேட்டது. கட்சியின் கிளைச் செயலாளர் பாண்டிச்செல்வம் உள்ளே வந்தான். ஃபேனையும் தட்டையும் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"வாங்க தம்பி, காப்பி போடவா?"

"வேணாம்க்கா. நாளைக்கு தலைவர் பத்து மணிக்கு வாராரு. இங்கனதான் மொதல்ல வண்டி நிக்கும். அதுல மாத்தமில்ல." வாட்சைத் திருகிக்கொண்டே சொன்னான். "தப்பா எடுத்துக்கிடாதீகக்கா. இந்த வாட்டி தட்ட நம்ம பாப்பா எடுக்கட்டும். நீங்க உள்ள இருந்துக்கோங்க."

செல்லக்கனி ஃபேனை அணைத்தாள்.

"ஏன், எங்கம்மா எடுத்தா மைக் வேலை செய்யாதா?" என்றாள் ரோஜா.

"அட, அதுக்கில்ல பாப்பா. வெடி விபத்துல அப்பாவ இழந்த பிள்ள, இன்னைக்கு டிகிரி முடிச்சு நிக்கி. வீடியோவுக்கு நல்லா இருக்கும்ல?"

"அப்பா செத்ததும் வீடியோவுக்கு நல்லாருக்கு, நான் படிச்சதும் வீடியோவுக்கு நல்லாருக்கு. எங்கம்மா மட்டும் நல்லால்ல. யாரு சொன்னது? அவரா, நீங்களா?"

"அவரு எதுக்கு சொல்றாரு? அவருக்குத் தெரியவே தெரியாது. நாங்கதான்..."

"சரி தம்பி" என்றாள் செல்லக்கனி. "பாப்பாவே எடுக்கட்டும். அவருக்குத் தெரியாதுன்னா சரிதான்."

பாண்டிச்செல்வம் போன பிறகு தட்டைத் தரையில் வைத்துவிட்டு அம்மா சுவரில் சாய்ந்தாள். "அவரு வந்ததும் கேப்பாரு பாரேன். அக்கா எங்கன்னு கேப்பாரு."

ரோஜாவுக்கு அங்கேதான் புத்தி தடுமாறியது. அவரை நம்பக்கூடாது என்று தெரிந்த பெண், அவர் பேசிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிவிட்டாள். ஊர் முன்னால் அதை எடுத்துக் கேட்டால் மனுசன் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அம்மாவைக் கூப்பிட்டே ஆகவேண்டும். அதற்காகவே தட்டைத் தூக்கச் சம்மதித்தாள்.

மறுநாள் காலையிலேயே செல்லக்கனி தலைக்குக் குளித்தாள். பீரோவில் இருந்த பச்சைச் சேலையைக் கட்டினாள். கையை எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். ஆரத்தி கரைத்து, திரியைப் பொருத்தித் தட்டை மகள் கையில் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கூப்பிட்டால் ஒரே எட்டில் வாசலுக்கு வந்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில்.

சரவெடி அதிர, மேளம் முழங்க, திறந்த வேன் வந்து நின்றது. ஜெயபாண்டி இறங்கினார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. கும்பிட்டபடியே வாசலுக்கு வந்தவர் ரோஜாவைப் பார்த்துச் சிரித்தார். அவர் கண் ஒருதரம் கதவுப் பக்கம் போய்விட்டு வந்தது. அக்கா எங்கே என்று கேட்கவில்லை.

ரோஜா தட்டைத் தூக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"எங்கம்மா உள்ளதான் நிக்கிறாக. புருசன் செத்துட்டா பொம்பள கையும் செத்துருமான்னு இதே தெருவுல நீங்கதான கேட்டீக? கூப்பிடுங்க. அவுக எடுக்கட்டும்."

மேளக்காரன் கையை நிறுத்தினான். வீடியோ எடுக்கிறவன் கேமராவை இறக்கினான். கூட்டத்தில் ஒருத்தி, "படிச்ச கொழுப்பப் பாரு" என்றது தெளிவாகக் கேட்டது.

ஜெயபாண்டி மைக்கை அணைத்தார். ரோஜாவுக்கு மிக அருகில் வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, அசதிதான் இருந்தது.

"பாப்பா, உங்கம்மா மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நான் அதெல்லாம் நம்புறவன்கூட இல்ல. ஆனா இந்த வாட்டி விட்டேன்னா எனக்கு அடுத்து சீட்டே கெடையாது. ஓட்டுப் போடுறவன் நம்புறானே, என்ன செய்யச் சொல்ற?"

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கதவு ஒரு எட்டுத் தூரத்தில் இருந்தது.

ரோஜா தட்டோடு வீட்டுக்குள் திரும்பப் பார்த்தாள். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. அழுகை இல்லை, நடுக்கம்கூட இல்லை. அடுப்படியிலிருந்து உப்புக் கேட்கிற குரல்.

"எடுத்துவிடு தாயி. நல்ல நேரம் போகுது. அவரு இன்னும் எம்புட்டு ஊருக்குப் போகணும்."

"எம்மா..."

"எடு தாயி. எனக்காக எடு."

ரோஜா எடுத்தாள். கண்ணை மறைத்துக்கொண்டு வந்த தண்ணீரோடு மூன்று சுற்றுச் சுற்றினாள். நல்ல காற்று அடித்தது. திரி படுத்து எழுந்தது, அணையவே இல்லை. கூட்டம் கைதட்டியது. பொட்டு வைத்தாள்; நேராக விழுந்தது. பாண்டிச்செல்வம் முந்திக்கொண்டு ஒரு நோட்டைத் தட்டில் போட்டான். அது சிவப்புத் தண்ணீரில் நனைந்து மெல்ல அடியில் படிந்தது. அதை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. வேன் போய்விட்டது.

உள்ளே போனபோது செல்லக்கனி பச்சைச் சேலையை மாற்றிவிட்டிருந்தாள். கம்பெனிக்குக் கட்டும் சேலையில் இருந்தாள். "அணையலல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஓட்டுப் போடுகிற அன்று ரோஜா ஜெயபாண்டிக்கு எதிராகத்தான் அழுத்தினாள். பிறகு எண்ணிக்கை நாள்வரை அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: இந்த ஆள் தோற்க வேண்டும். எவன் ஜெயித்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அம்மா உள்ளே நின்றும் அவர் தோற்றால், தோல்விக்கும் அம்மா கைக்கும் சம்பந்தமில்லை என்று ஊருக்கு வேண்டாம், அம்மாவுக்காவது தெரியும்.

ஜெயபாண்டி ஜெயித்தார். அவர் ஜெயித்ததிலேயே இதுதான் பெரிய வெற்றி என்று டி.வி.யில் சொன்னார்கள்.

தெருவில் வெடி போட்டார்கள். செல்லக்கனி கம்பெனியில் உருட்டின வெடியாகவும் இருக்கலாம். அவள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ரொம்ப நாளாகத் தெரியாத ஒன்று தெரிந்துவிட்ட நிம்மதியோடு சொன்னாள்:

"அப்போ நான்தான்."

"இல்லம்மா. அந்தப் பக்கம் ஓட்டுப் பிரிஞ்சுபோச்சு. ரெண்டு கட்சியா நின்னானுங்க. கணக்குப் பாத்தா..."

"விடு தாயி. ஊரு சொன்னப்ப நான் நம்பல. உங்கப்பாவையும் நான்தான் அனுப்பிவச்சேன் அன்னைக்கி. மேலுக்குச் சொகமில்ல, போகலன்னாரு. நான்தான் வாசல்ல எதிர நின்னு போயிட்டு வாங்கன்னேன்."

பி.காம். படித்த ரோஜா ஓட்டுக் கணக்கைப் பூத்வாரியாகச் சொன்னாள், கத்தினாள், அழுதாள். அம்மா எல்லாவற்றுக்கும் "சரி தாயி, சரி தாயி" என்றாள். அடுத்த வாரம் ராக்காயி தன் மகள் வளைகாப்புக்கு அழைக்க வந்தாள், ரோஜாவை. "உங்கைதான் ராசின்னு ஊரெல்லாம் பேச்சு பாப்பா" என்றாள். ரோஜா அவள் முகத்தில் அடிக்கிற மாதிரிக் கதவைச் சாத்தினாள். அதற்கும் அம்மாதான் பின்வாசல் வழியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ரோஜாவுக்கு வேலை கிடைத்தது. முதல்நாள் காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பள்ளிக்கூடம், காலேஜ், பரீட்சை, எதற்குப் போனாலும் வாசலில் எதிரே நின்று அனுப்புகிறவள் அம்மாதான். ஊரே அவளைக் கண்டு ஒதுங்கிய நாளிலும், இந்த ஒரு வாசலில் செல்லக்கனி ஒதுங்கியதே இல்லை.

"எம்மா, கிளம்புறேன்."

அடுப்படியில் ஆளில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் கட்டி வைத்திருந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். எதிரே ராக்காயி, கழுத்தில் தாலியோடு, இடுப்பில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள்.

"போயிட்டு வா பாப்பா. உங்கம்மாதான் எதிர வரச் சொல்லிக் கெஞ்சினா. இல்லாட்டி உன் மூஞ்சியில நான் முழிப்பேனா?"

ரோஜா வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். துவைகல்லுக்குப் பக்கத்தில் செல்லக்கனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம்மா, திரும்பு. என்னப் பாரு."

"போ தாயி, பஸ்ஸு வந்துரும்."

ரோஜா அவள் முன்னால் போய் நின்றாள். செல்லக்கனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். ரோஜா அந்தப் பக்கம் போனாள். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். மருந்துப் பொடி மின்னும் அந்தக் கையைப் பிடித்து ரோஜா இழுத்தாள். கை மட்டும்தான் வந்தது. முகம் வரவில்லை.

மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

"போ தாயி" என்றாள் செல்லக்கனி, சுவரிடம்.