துண்டுக்கு அடியில் ஒரு தொகுதி

மக்களோடு எப்படித் தொடர்பில் இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சட்டசபை மெம்பருக்குத் தொண்டை தானாகக் கனைத்துக்கொள்ளும். "அவங்க மூச்சுக் காத்து என் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு" என்பார். கேட்டவர்கள் மேடைப் பேச்சு என்று நினைத்துக் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பாவம், அவர் மேடையில் சொன்னவற்றில் தேறுகிற உண்மை அது ஒன்றுதான். அதையும் ஒருவரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மெம்பர் கார், கொடி, மச்சினன் எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டுச் சந்து வழியாக நடந்து ஒரு சலூனின் பின்கதவைத் தட்டுவார். கடைசி நாற்காலி அவருடையது. சலூன்காரர் அதைப் பின்னால் சாய்த்து, வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை மூக்குக்கு மட்டும் வழி விட்டு முகத்தில் போர்த்துவார். அப்புறம்தான் முன்கதவு திறக்கும். ஊர் உள்ளே வரும். முகம் மூடிக் கிடப்பது யாரென்று யார் கண்டார்கள்? அந்தக் காலத்து ராஜாக்கள் மாறுவேடம் போட்டுத் தெருத்தெருவாக அலைந்தார்களாம். மெம்பர் படுத்துக்கொண்டே நகர்வலம் போனார். நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. துண்டு சூடாக இருக்கும்.

அந்தச் சூடு கன்னத்தில் இறங்கி, கழுத்தில் வழிந்து, முதுகெலும்பின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும். கத்தரிக்கோலின் சலசலப்பு தூரத்து மழைபோல் ஆகும். ஊர்ப்பேச்சு அந்த மழையில் நனைந்து உள்ளே இறங்கும். இறங்கும்போது பேச்சாக இருக்காது. தெருக்குழாய் ஒன்று செருமிச் செருமிக் காற்றைத் துப்பும். பஸ் ஒன்று நிறுத்தத்துக்கு வந்து, காத்திருப்பவர்களுக்குக் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிற்காமல் நழுவும். தெருவிளக்கு ஒன்று கண்ணடிக்கும். மூடிய கண்ணை மறுபடி திறக்காது. எல்லாவற்றுக்கும் அப்பால் பால் நிறப் பனியில் ஒரு வாய்க்கால். அதன் குறுக்கே ஒற்றைப் பலகை. தலையில் தையல் மிஷினோடு ஒரு பெண் அதில் நடந்து வருவாள். நடுவில் பலகை புரளும். ஆனால் மிஷின் விழாது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தூண் எழுந்து அதைத் தாங்கிக்கொள்ளும். என்ன தூண் அது என்று மெம்பர் எட்டிப் பார்க்கும் நேரம் பார்த்துச் சலூன்காரர் துண்டை உருவிவிடுவார்.

"தூங்கிட்டேனாய்யா?"

"சேச்சே. ஐயா யோசனையில இருந்தீங்க."

தொழில் தெரிந்தவர்.

வாரா வாரம் அதே கனவு. மெம்பர் அதைச் சாப்பாட்டு மேஜையில் பரிமாறுவார். மந்திரிகளை மாற்றப்போகிறார்கள் என்று தலைநகரில் பேச்சு அடிபட்ட சமயம் அது. மச்சினனுக்குக் கனவுக்குப் பொருள் சொல்வதில் கை தேர்ந்த அனுபவம். வேறு எதிலும் கை வைத்ததில்லை.

"பஸ் நிக்காமப் போகுதுன்னா உங்க வளர்ச்சி நிக்காமப் போகுதுன்னு அர்த்தம் மாமா. விளக்கு அணைஞ்சா எதிர்க்கட்சி காலி."

"குழாய்ல தண்ணி வரலியே மாப்ளே?"

"காத்து வருதுல்ல? காத்து நம்ம பக்கம் வீசுது."

"அந்தத் தூண்?"

"அது தலைமை. மிஷின்தான் இலாகா. கீழ விழாமத் தாங்கி உங்க கையில குடுக்கப்போறாங்க."

மெம்பரின் மனைவி குழம்புக் கரண்டியை வைத்தாள். "தையல் மிஷின் கனவுல வந்தா கிழிஞ்சதைத் தைன்னு அர்த்தம். மந்திரி ஆகப்போறவரோட சட்டைப் பை போன மாசத்துலேர்ந்து தொங்குது, பாரு."

பொறாமை பிடித்தவர்களின் பேச்சை மெம்பர் காதில் வாங்குவதில்லை.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை அவருடைய கடைவாய்ப் பல் அவர் பேச்சைக் கேட்காமல் தனிக்கட்சி ஆரம்பித்தது. விடிவதற்குள் இடது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. மப்ளரால் தாடையோடு தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் சலூனுக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. பின்கதவு தாழிட்டிருந்தது. சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சலூனுக்குள் முன்வாசல் வழியாக நுழைந்தார்.

சலூன்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "உக்காருங்கண்ணே. முன்னாடி ஆள் இருக்கு."

மெம்பர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் பேக்கரிக்காரர் தன் முறைக்குக் காத்திருந்தார். அவர் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. கண்ணாடியைப் போல் பளபளத்தது. முகமும் மழுமழுவென்று இருந்தது. இந்த ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று மெம்பர் யோசிப்பதற்குள் அவரே குனிந்து காதோடு கேட்டார்.

"புதுசா?"

மெம்பர் தலையாட்டினார்.

"பல்லா?"

அதற்கும் ஆட்டினார்.

"முடி வெட்டணுமா, இல்ல, ஐயாகிட்ட சொல்லணுமா?"

"எந்த ஐயா?" மப்ளருக்குள்ளிருந்து குரல் கூழாக வந்தது.

"மெதுவா, மெதுவா! நம்ம மெம்பர்தான். கடைசி நாற்காலி. அட, திரும்பாதீங்க! துண்டைப் பாக்கக் கூடாது, அதான் இங்க சட்டம். நாம நமக்குள்ள பேசுற மாதிரி உரக்கப் பேசணும். அவர் கேட்டுக்கிட்டே படுத்திருப்பார்."

"நமக்குத் தெரியும்னு... அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். எவ்வளவு பெரிய மனுஷன்! ஏதோ ஒரு சந்தோஷம், இருந்துட்டுப் போகட்டுமே."

மெம்பருக்குப் பல்வலி நின்றுவிட்டது. பெரிய வலி உள்ளே வந்தால் சின்ன வலி எழுந்து இடம் கொடுக்கும்.

"பதில் ஏதாவது சொல்வாரா?"

"இதுவரைக்கும் இல்ல. குறட்டைதான். ஆனா அதுலயும் தினுசு இருக்கு. இழுத்து விட்டார்னா யோசிக்கிறார். வெட்டி விட்டார்னா பட்ஜெட் இடிக்குதுன்னு அர்த்தம்."

மெம்பர் சட்டத்தை மீறித் திரும்பிப் பார்த்தார். கடைசி நாற்காலியில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். முகத்தில் துண்டு, ஆவி பறந்துகொண்டிருந்தது. நாற்காலிக்குக் கீழே பிஸ்கட் படம் போட்ட தகரப்பெட்டி. வெளியூர் விற்பனைக்காரர், சவரத்துக்கு வந்தவரைச் சலூன்காரர் காலி நாற்காலியில் சாய்த்திருக்கிறார், ஊர் வந்து சூழ்ந்துகொண்டது. அந்த நேரம் சலூன்காரரும் கண்ணாடியில் மெம்பரைப் பார்த்தார். மப்ளருக்கு மேலே இருந்த இரண்டு கண்களை அடையாளம் தெரிந்துவிட்டது. கத்தி அந்தரத்தில் நின்றது. 'காட்டிக் கொடுத்துடாதீங்க ஐயா' என்று அவர் கண் கெஞ்சியது. யாரை யார் காட்டிக் கொடுப்பது என்று மெம்பருக்கு விளங்கவில்லை.

"அண்ணே, இந்த வாரத்துத் துணி" என்று ஒரு பெண் உள்ளே வந்தாள். கழுத்தில் கட்டுகிற வெள்ளைத் துணியைத் தைத்துக் கொடுக்கும் தையற்காரி. சலூன்காரர் அதை வாங்கி அலமாரிமேல் வைத்தார். அங்கே ஏற்கெனவே அதே மாதிரித் துணிகள் கூரை வரைக்கும் ஏறி நின்றன. வாரம் ஒன்று தைத்தால்தானே உள்ளே வரச் சாக்கு கிடைக்கும்?

அவள் சலூன்காரரைப் பார்த்துக்கொண்டே, குரலை மட்டும் கடைசி நாற்காலிப் பக்கம் எறிந்தாள்.

"நானும் எத்தனை வாரமா புலம்புறேன் அண்ணே. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தையல் ஷெட்டுல வேலை குடுக்கிறாங்க. சொந்த மிஷினோட வரணும்னு சொல்லிட்டாங்க. பாலம் இருந்த இடத்துல ஒத்தப் பலகைதான் கிடக்கு. தலையில மிஷினை வச்சுக்கிட்டு அதுல எப்படி நடப்பேன்? கண்ணை மூடினா அதுதான் வருது. நடுவுல பலகை புரளுது, மிஷின் தண்ணிக்குப் போகுது. நாளைக்குள்ள போகலேன்னா அந்த இடம் வேற ஆளுக்குன்னுட்டாங்க."

பெஞ்சில் மெம்பருக்குக் கை மயிர் சிலிர்த்தது. அது அவருடைய கனவு. வாரா வாரம் அவர் சாப்பாட்டு மேஜையில் பரிமாறிய கனவு. அதன் சொந்தக்காரி எதிரே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பஸ், அந்தக் குழாய், அந்த விளக்கு எல்லாமே இந்த அறையில் நின்று யாரோ வாய்விட்டுச் சொன்னவை. ஊர் அவரிடம் தன் குறைகளைக் கொட்டியிருக்கிறது. அவர் அதில் தனக்கு ஒரு மந்திரி பதவியைத் தேடியிருக்கிறார்.

அப்போது துண்டு பேசியது.

"ஆகட்டும்... ஆகட்டும்மா... இந்த வாரமே அனுப்பி வச்சிடறேன்..."

எந்தக் கடைக்கு எத்தனை டின் பிஸ்கட்டோ, தூக்கத்தில் அந்த மனிதர் வாக்குக் கொடுத்துவிட்டார். சலூனில் கத்தரிக்கோல்கூட மூச்சு விடவில்லை. பேக்கரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தையற்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மப்ளரைப் பிய்த்து எறிந்துவிட்டு 'அது நான் இல்லை' என்று கத்தலாம். அப்படியானால் 'நான் இதுதான்' என்றும் சொல்ல வேண்டும். இத்தனை வாரமும் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மெம்பர் மப்ளரை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஒரு பிஸ்கட்காரர் தூங்கிக்கொண்டே செய்த வேலையைத் தான் தூங்கிக்கொண்டுகூடச் செய்யவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

தையற்காரி வாசலுக்குப் போனாள். அங்கே துணி சுற்றித் தையல் மிஷினின் மேல்பாகம் இருந்தது. பாலம் என்று வந்தாலும் நாளைக்குள் வராது, அவளுக்குத் தெரியும். மிஷினைத் தூக்கக் குனிந்தவளுக்கு எதிரே இரண்டு கைகள் நீண்டன.

"நான் ஒரு கை குடுக்கறேம்மா."

"உங்களுக்கே பல்லு வலி, நீங்க வேற. சரி, வாங்கண்ணே."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தெரு முழுக்க வாய்க்கால் பனி இறங்கியிருந்தது. மெம்பருக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தத் திருப்பத்தில் ஒரு குழாய் இருக்கும் என்று நினைத்தார், இருந்தது, செருமியது. இப்போது பஸ் வரும் என்று நினைத்தார். வந்தது, நின்றவர்களைக் கடந்து நழுவியது. பேக்கரி முனையில் விளக்குக் கம்பம் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து நின்றது. காரின் கறுப்புக் கண்ணாடி வழியே இந்தத் தெருவை எத்தனையோ தடவை கடந்திருக்கிறார். ஒன்றையும் பார்த்ததில்லை. துண்டுக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு மட்டும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

வாய்க்கால் வந்தது. பால் நிறப் பனி. ஒற்றைப் பலகை.

அவள் முன்னால், அவர் பின்னால், நடுவில் மிஷின். பலகை முனகியது. பாதி வழியில், கனவில் புரளும் அதே இடத்தில், பலகை புரண்டது. தையற்காரி ஒரு தாவலில் அக்கரை மேட்டைப் பிடித்துக்கொண்டாள். மிஷின் அவள் கையை விட்டுப் போனது. மெம்பர் தண்ணீருக்குள் போனார்.

துண்டை உருவும் நேரம் இது. யாரும் உருவவில்லை.

இடுப்பு வரை சேறும் தண்ணீரும். கால் ஊன்றி நிமிர்ந்தபோது தலைக்கு மேல் ஏதோ கனமாக அழுத்தியது. இரண்டு கைகளும் மிஷினைத் தலைமேல் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஓஹோ, அந்தத் தூண்! மெம்பருக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வாரமாக எட்டி எட்டிப் பார்த்தார், தன் முகத்தைத் தானே எப்படிப் பார்ப்பது?

அவள் மேட்டில் படுத்துக் கையை நீட்டி மிஷினை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கிய பிறகுதான் அவரைப் பார்த்தாள். மப்ளர் வாய்க்காலில் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ! ஐயா... நீங்களா? அப்போ துண்டுக்கு அடியில?"

"அவர் பிஸ்கட் விக்கிறவர்மா."

அவள் மிஷினைச் சுற்றியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். "பரவால்ல ஐயா. அவர் வாக்குக் குடுத்துட்டார். நீங்க குறுக்க பூந்து கெடுக்காம இருந்தாச் சரி."

மெம்பர் வாங்கிய பட்டங்கள் பல. இவ்வளவு சரியாக அளவெடுத்துத் தைத்தது எதுவும் இல்லை.

கிழிந்து தொங்கிய சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குத் தப்பியிருந்தது. பொறியாளரைக் கூப்பிட்டார்.

"வாய்க்கால் பாலம் என்னாச்சு?"

"எந்தப் பாலம் ஐயா?"

"எதுக்கு அடியில நான் இப்போ நிக்கிறேனோ, அந்தப் பாலம்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஐயா, நாளைக்கு..."

"அவசரம் இல்ல. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் நிக்கப்போறேன். கொஞ்சம் சளி பிடிக்கும், அவ்வளவுதான்."

தையற்காரி மிஷினைத் தலையில் ஏற்றிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஷெட்டை நோக்கி நடந்தாள். மெம்பர் தண்ணீரிலேயே நின்றார். இக்கரையில் ஒவ்வொருவராக ஆள் சேர்ந்தது. பேக்கரிக்காரரும் வந்து சேர்ந்தார். இடுப்பளவு சேற்றில் நிற்கும் மெம்பரைக் கண்டதும் திகைத்துப் போய், சட்டம் நினைவுக்கு வந்து, சட்டென்று வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் உரக்க ஆரம்பித்தார்.

"என்னத்தச் சொல்ல போங்க! நம்ம பேக்கரி முனை விளக்கு கண்ணை மூடி எத்தனை நாளாச்சு..."

"அண்ணே" என்றார் மெம்பர் தண்ணீரிலிருந்து. "என்னைப் பாத்தே சொல்லுங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."