துவைகல்

தங்கச் சுரங்க ஊரான நந்திதுர்க்கில், தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் டோரத்தி அம்மா காலையிலிருந்து தம்பியின் கல்லறையைத் தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் குடியேறி நாற்பது வருஷம் கழித்து வந்திருந்தார். பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருக்கும் பாக்யலட்சுமியும் முள்செடிகளை விலக்கிக்கொண்டு கூடவே நடந்தாள்.

"ஆறு வயசுல போய்ட்டான்மா. கல்லு மேல சின்னதா ஒரு புறா செதுக்கியிருக்கும்," என்றார் டோரத்தி.

பாக்யலட்சுமி நடையை நிறுத்தினாள். அந்தப் புறாவை அவள் பார்த்திருக்கிறாள். சுரங்கத்தை மூடிய வருஷம், அவள் கணவன் சின்னசாமி இங்கே சாய்ந்து கிடந்த கல்லைப் பெயர்த்து வந்து, எழுத்து வெளியே தெரியாதபடி கவிழ்த்து, கொல்லையில் துவைகல்லாகப் போட்டான். வேண்டாமென்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் போய்ச் சேர்ந்த பிறகும் அதில்தான் துவைத்தாள்.

தெரியாதென்று சொல்லிவிடலாம். ஆனால் முள் கீறிய அந்த வயதான கைகளைப் பார்த்ததும், "என் வூட்டுக்கு வாங்கம்மா," என்றாள்.

கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் புரட்டியபோது, மண் அப்பிய புறா தெரிந்தது.

"தெரிஞ்சேதான் எடுத்தோம்மா," என்றாள் பாக்யலட்சுமி, தலை குனிந்தபடி.

டோரத்தி தம்பியின் பெயரை விரலால் தடவினார். "உடைக்காம வெச்சிருந்தியே, அது போதும்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். டோரத்தியையும் கல்லையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஆட்டோ கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பியது. உள்ளே இடமிருந்தும் ஏறாமல், பாக்யலட்சுமி அதன் பின்னாலேயே நடந்து போனாள்.