அடுப்பங்கரை வழியாக ஒரு பாதை

அக்காவுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோகக் காரணம் ஓர் இரும்புக் கதவு.

நான் நகராட்சியில் வரைபடம் வரைகிறவன். துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை கடலை ஒட்டியே நடந்துபோக ஒரு பாதை போட்டுக்கொண்டிருந்தோம். எல்லா இடமும் கிடைத்துவிட்டது, பாறை மேட்டிலிருக்கும் அக்கா வீட்டுப் பக்கத்தைத் தவிர. அவள் வீட்டுச் சுவருக்கும் பாறை விளிம்புக்கும் நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதையில் ஊரே நடக்கிறது. ஆனால் நிலம் அவளுடையது. அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று வருஷத்தில் ஒரு நாள், அக்காவின் கணவரான மாமா பாதையின் குறுக்கே நிற்கும் அந்த இரும்புக் கதவைப் பூட்டிவைப்பார். அப்படிப் பூட்டாவிட்டால் நாளடைவில் அது பொதுவழியாகிவிடும் என்பது சட்டம். மாமா காலமான பிறகு அக்காவும் அதே நாளில் தவறாமல் பூட்டினாள்.

அவள் நிரந்தரமாக வழி விட்டால்தான் கைப்பிடிக் கம்பி போட்டுப் பாதையைத் திறக்க முடியும். இல்லாவிட்டால் நடப்பவர்கள் லாரி ஓடும் சாலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இதைக் கேட்க நான் நேரில் போயிருக்க வேண்டும். அக்காவிடம் ஆபீஸ் விஷயமாகப் போய் நிற்பதா என்று தயங்கி, உடன் வேலை பார்க்கும் இருவரை அனுப்பினேன். அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு என் போனையும் எடுக்கவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள அவங்க சம்மதிக்கலன்னா ரோடு வழியா திருப்பிடலாம். உங்க அக்காதானே, ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்றார் எங்கள் மேலாளர். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

இதற்கிடையே, ஆட்களை நடக்க இழுப்பதற்காக நான் வரைந்த பாதையின் மடிப்பு வரைபடத்தைப் பேருந்து நிலையத்தில் வைத்திருந்தார்கள். அக்கா கதவைப் பூட்டும் நாளன்று, இன்றைக்காவது பேசிவிடுவது என்று பேருந்து ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் அந்தப் படத்தைப் பிரித்து விரலால் கோட்டைத் தடவிக்கொண்டு வந்தார். பெருமையாக எட்டிப் பார்த்தேன். அவர் விரல் பாறை மேட்டுக்கு வந்ததும் அந்தப் பெருமை போய்விட்டது.

பாறை மேட்டருகே கழிப்பறைச் சின்னத்துக்கு இடம் போதாமல், பாதையைக் காட்டும் புள்ளிக்கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தேன். படம் வரைகிற எல்லோரும் செய்கிற வேலைதான், ஒரு மயிரிழை. ஆனால் தாளில் மயிரிழை என்பது தரையில் அக்காவின் சமையலறை.

போய்ச் சேர்ந்தபோது இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. வீட்டு வாசல் மட்டும் திறந்து கிடந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வயதான தம்பதி கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் புகுந்து, பின்வாசல் வழியாகக் கதவுக்கு அந்தப் பக்கம் பாதையில் இறங்கினார்கள். அக்கா கரண்டியும் கையுமாக நின்று, "படி இருக்கு, பாத்து" என்று வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கரண்டி என் பக்கம் திரும்பியது.

"காலையிலேருந்து இதே கதைதான். 'அம்மா, படத்துல உங்க வீட்டுக்குள்ளதான் பாதை போகுது'ன்னு காட்டுறாங்க. பாத்தா ஆமா, என் அடுப்பு மேலயே போகுது. யாருடா வரைஞ்சது?"

"நான்தான்."

"அதானே. சின்ன வயசுலயே உனக்குக் கோடு நேரா வராது."

"திருப்பி அனுப்பியிருக்கலாமேக்கா."

"எங்க? லாரி போற ரோட்டுக்கா? அந்தம்மா முட்டிய பாத்தியா நீ?"

அடுப்புத் தீயைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"உங்க ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ரொம்ப மரியாதையா, நில உரிமையாளர்னு கூப்பிட்டாங்க. எனக்கு ஒரு தம்பி இருக்கான், அவன் வந்து கேப்பான்னு நான் உக்காந்திருந்தேன்டா."

"பயமா இருந்துச்சுக்கா. நீ முடியாதுன்னுட்டா அப்புறம் எப்படி இங்க வந்து போறதுன்னு."

"இப்ப மட்டும் வந்து போயிட்டிருந்தியா?"

வெட்கமாக இருந்தது. வாசலில் அடுத்து யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்த வழியக் குடுப்பியா?" என்று கேட்டேன். இத்தனை மாதம் சொல்ல வராத ஒரே வாக்கியம்.

அவள் உள்ளே வந்தவரிடமிருந்து படத்தை வாங்கி விரித்தாள். "கோட்ட எடுத்து வெளிய போடு. என் அடுப்ப விட்டுடு."

"சரிக்கா."

"கக்கூஸுக்கு ஒரு படம் போட்டிருக்க. பஸ்ஸுக்கு ஒண்ணு, பெஞ்சுக்குக்கூட ஒண்ணு. இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?"

"என்னக்கா போடணும்?"

அவரிடம் தண்ணீரை நீட்டியபடி சொன்னாள்: "ஒரு டம்ளர் போடு. இங்க தண்ணி கிடைக்கும்னு தெரியட்டும்."

பிறகு ஆணியில் தொங்கிய சாவியைக் கரண்டியால் காட்டினாள்.

"போய்ப் பூட்டத் திற. இதுக்கும் ஆள் அனுப்பாத."